நைதரசனும் கைப்பம்பும்

அண்மையில் புத்தூர் சென்றிருந்தபோது உறவினர் ஒருவர் வினவினார்: "அண்ணை, கார் ரயருக்கு நைதரசன் அடிச்சால் பிறகு அழுத்தம் பார்க்கத் தேவையில்லையாமே?"

என் நினைவு 1990களுக்குச் சென்றது. பொருளாதாரத் தடைக்காலம். மின்சாரமில்லை, பெற்றோலில்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கைப்பம்பால் அடித்த காற்றே அவற்றைத் தாங்கிற்று. அக்காற்றிலும் 78 வீதம் நைதரசன்தான்.

மிருக வைத்தியர் ஜோன் டன்லப் 1888இல் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றது முதல், வீதி வாகனங்களுக்குக் காற்றே போதுமானதாயிருந்தது. நைதரசனின் தேவையை உணர்த்தியது வானூர்தி. 1986 மார்ச் 31 அன்று மெக்சிக்கோவில் போயிங் 727 விமானமொன்றின் தடுப்பு மிகையாகச் சூடேறிற்று. நைதரசனுக்குப் பதிலாகக் காற்றடிக்கப்பட்டிருந்த ரயர் நடுவானில் வெடித்தது. 167 பேர் மாண்டனர். காற்றிலுள்ள ஒட்சிசன் அத்தகைய வெப்பத்தில் இறப்பரின் ஆவியோடு சேர்ந்து வெடிக்கவல்லது. மறு ஆண்டே அமெரிக்க விமான நிர்வாகம் பெரிய விமானங்களுக்கு நைதரசனைக் கட்டாயமாக்கியது.

வீதியில் ஓடும் காருக்கு அவ்வெப்பம் ஏறுவதில்லை. அமெரிக்க இதழான கன்சியூமர் றிப்போர்ட்ஸ், 30 இறாத்தல் அழுத்தத்தில் ரயர்களை நிரப்பி ஓராண்டு சோதித்தது. காற்றடித்தவை 3.5 இறாத்தலும், நைதரசன் அடித்தவை 2.2 இறாத்தலும் இழந்தன. வேறுபாடு சிறிது, இழப்பு இரண்டிலும் உண்டு.

ஆகவே உறவினருக்குச் சொன்னேன்: "எதை அடித்தாலும் மாதம் ஒருமுறை அழுத்தம் பாருங்கோ. கொழும்புக்குப் பிள்ளைகளோடு போகும் முன்னர் கட்டாயம் பாருங்கோ." கைப்பம்புக் காலத்தில் நாங்கள் பெருவிரலால் அழுத்திப் பார்த்தோம். இன்று அழுத்தமானி இருக்கிறது. பார்க்கும் பழக்கந்தான் வேண்டும்.