கேடி: ஒரு பதிவேட்டுச் சொல்

வீட்டில் குறும்பு செய்யும் பிள்ளையை 'சரியான கேடி' என்று செல்லமாக வைகிறோம். 'கேடு' என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போவதால் இதைப் பழந்தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் நம்மை நிகண்டுகளிடம் அல்லாமல் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறது. 'நோன் டெப்ரிடேட்டர்', அதாவது 'கொள்ளையிடுபவன் என அறியப்பட்டவன்' என்ற ஆங்கிலத் தொடரைப் போலீசார் 'கே.டி.' என்று சுருக்கினர். தொடரில் ஒலிக்காத முதலெழுத்து, சுருக்கத்தில் உரக்க ஒலிக்கலாயிற்று.

'அறியப்பட்டவன்' என்ற அடைமொழியே இங்கு நம் கவனத்துக்குரியது. குற்றவாளி என்பது ஒரு செயலைப் பற்றிய சொல். அதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். அறியப்பட்டவன் என்பதோ காவலரின் நினைவைப் பற்றிய சொல். தண்டனைக்கு முடிவு உண்டு. அந்த நினைவுக்கு இல்லை.

நம் மரபிலும் தீயோரைச் சுட்டும் சொற்களுக்குக் குறைவில்லை. திருக்குறளின் பொருட்பால் 'கயமை' என்னும் 108ஆம் அதிகாரத்தோடு முடிகிறது. தோற்றத்தில் மற்றவரைப் போலவே இருக்கும் கயவரை அவர்தம் நடத்தையைக் கொண்டே வள்ளுவர் இனங்காட்டுகிறார். பிறப்பு அங்கே அளவுகோல் ஆகவில்லை.

காலனிய அரசு பிறப்பையே அளவுகோலாக்கியது. 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கே.டி. பதிவேடு தனிமனிதரைக் குறித்தது என்றால், இச்சட்டம் முழுச் சமூகங்களையும் பட்டியலிட்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தார் பெயரைப் பதிந்து, கைரேகை வைக்க வேண்டும். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கவும் வழியில்லை. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் இச்சமூகத்துக்காக வாதாடினார்; 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதற்குமாக 1952இலும் சட்டம் நீங்கியது. ஆயினும் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் பிறந்துவிட்டது. சமூகத்தின் மேலிருந்த கண் தனிமனிதன் மேல் திரும்பியது, கண் மூடப்படவில்லை. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்குத் தமிழ் 'சீர்மரபினர்' என்று பெயரிட்டது. ஆங்கிலத்தில் இவர்களைச் சுட்டும் சொல், அறிவிப்பு நீக்கப்பட்டவர் என்று மட்டுமே சொல்லி, பழைய அறிவிப்பை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. தமிழ்ச் சொல்லோ அந்தத் தழும்பின் மேல் ஒரு மதிப்பை வைக்க முயல்கிறது.

கேடி மட்டும் பதிவேட்டை விட்டு வெளியேறி, 2006இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பாகி, இப்போது நம் வீட்டு முற்றத்தில் சிரிக்கிறது. அதை விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மொழி தன் காயங்களைச் செல்லமாக்கிக்கொள்வதும் இயல்பே. ஆனால் அடுத்த முறை அச்சொல் நாவில் வரும்போது, ஒரு காலத்தில் அது எவர் பெயருக்கு எதிரே, எவர் கையால் எழுதப்பட்டது என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.