சேவையகமற்ற கணிமையில் பிறழ்ந்த தரவைக் கையாளுதல்

சர்வர்லெஸ் எனப்படும் சேவையகமற்ற கணிமை என்பது, நிரலாளர் சேவையகத்தைப் பராமரிக்க வேண்டியிராமல், ஒரு நிகழ்வு நேரும்போது மட்டும் மேகக் கணிமை நிறுவனம் நிரலை இயக்கித் தரும் முறையாகும். 2014 நவம்பரில் அறிமுகமான அமேசானின் லாம்டா இம்முறையைப் பரவலாக்கியது. இத்தகைய நிரல்கள் கட்டணம், வரைபடம், வானிலை முதலிய வெளிச் சேவைகளைச் சார்ந்திருப்பதால், அங்கிருந்து வரும் பிறழ்ந்த தரவை வாயிலிலேயே இனங்கண்டு ஒதுக்குவது அவற்றின் வடிவமைப்பில் இன்றியமையாதது.

பிறழ்வின் வகைகள்

தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசானை எதிர்பார்த்த இடத்தில், வெற்றியைக் குறிக்கும் 200 என்னும் குறியீட்டுடனேயே எச்.டி.எம்.எல். பிழைப்பக்கம் வருவதும், விடை பாதியில் அறுபடுவதும் அமைப்புப் பிறழ்வுகள். இவை வாசிக்கும்போதே பிழையாக வெளிப்படும். அமைப்பு சரியாக இருந்தும் தேவையான புலம் விடுபடுவதும், எண்ணுக்குப் பதில் சரம் வருவதும் பொருட்பிறழ்வுகள். இவை எச்சரிக்கை ஏதுமின்றித் தரவுத்தளம் வரை சென்றுவிடக்கூடுமாதலால் கூடுதல் கேடு பயப்பவை.

மறுமுயற்சியின் எல்லை

விடைக்குக் காத்திராத ஒத்திசைவற்ற அழைப்பில் செயற்கூறு (நிகழ்வின்போது இயக்கப்படும் நிரல்) தோல்வியுற்றால், லாம்டா இயல்பாக மேலும் 2 முறை அதை இயக்கும். பிணையத் தடங்கல் போன்ற தற்காலிகக் கோளாறுகளுக்கு இது மருந்தாகும். பிறழ்ந்த தரவோ எத்தனை முறை வாசித்தாலும் மாறாது. பதிவுகளை வரிசை குலையாமல் வழங்கும் அமேசானின் கினசிஸ் ஓடையில், இத்தகைய 'நச்சுச் செய்தி' ஒன்று, இயல்பான அமைப்பில் தான் காலாவதியாகும் வரை, ஓடையின் உட்பிரிவான தன் ஷார்டில் பின்வரும் பதிவுகளையெல்லாம் மறித்து நிற்கும்.

கையாளும் முறைகள்

உள்ளடக்க வகையைச் சோதித்து, பின் வாசித்து, ஜேசான் ஸ்கீமா போன்ற வரையறையுடன் ஒப்பிட்ட பிறகே தரவைப் பயன்படுத்துவது முறை. பெறுவதில் தாராளமாக இருக்கவேண்டும் என்று ஜான் போஸ்டல் 1980இல் வகுத்த நெறி பிழைகளை மறைத்து நிலைபெறச் செய்யும் என்பதை, இணையக் கட்டமைப்பு வாரியத்தின் 2023ஆம் ஆண்டு ஆவணம் விளக்குகிறது. எனவே அறியாத கூடுதல் புலத்தைப் புறக்கணிக்கலாமே தவிர, விடுபட்ட தொகையைச் சுழியம் என ஊகித்து நிரப்பலாகாது.

தேறாத செய்தியை மூல வடிவிலேயே, காரணத்துடனும் நேரத்துடனும், 'டெட் லெட்டர் கியூ' எனப்படும் ஒதுக்கு வரிசையில் சேமித்து எச்சரிக்கை எழுப்பவேண்டும். செய்திகளைத் தொகுதியாகப் பெறும் அமேசானின் எஸ்.கியூ.எஸ். வரிசையில், பகுதித் தோல்வியை அறிவிக்கும் வசதி 2021 முதல் இருப்பதால், ஒரு செய்தியின் பிழைக்காகத் தொகுதி முழுவதையும் மீண்டும் இயக்க வேண்டியதில்லை. ஒதுக்கிய செய்திகள் திருத்தத்திற்குப் பின் மறுபடி செலுத்தப்படுமாகையால், ஒரே செய்தி இருமுறை வந்தாலும் விளைவு ஒருமுறையே நிகழுமாறு செயற்கூற்றை அமைப்பது இம்முறை முழுமைக்கும் அடித்தளமாகும்.