நெப்ராஸ்கா (இசைத்தொகுப்பு)

நெப்ராஸ்கா, அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆறாவது இசைத்தொகுப்பு. 1982 செப்டம்பர் 30 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. குழுவாக முழங்கிய ராக் இசையை விட்டு, பெரும்பாலும் கிதாரும் மவுத் ஆர்கனும் துணைவரும் தனிக்குரலுக்கு அவர் மாறியது இதில்தான்.

முன்வரலாறு: ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவுடன் அவர் வெளியிட்ட 'தி ரிவர்' (1980) அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஒலிப்பதிவு: 1981 இறுதியில் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் ஊரில், வாடகை வீட்டில் இருந்தபடி ஸ்பிரிங்ஸ்டீன் புதிய பாடல்களை எழுதினார். தலைப்புப் பாடலுக்குக் கரு, சார்லஸ் ஸ்டார்க்வெதர் 1958இல் நெப்ராஸ்காவில் செய்த தொடர்கொலைகள். அவற்றைத் தழுவிய 'பேட்லேண்ட்ஸ்' (1973) திரைப்படமே தூண்டுகோல். ஃபிளானரி ஓ'கானரின் சிறுகதைகளும் அவரைப் பாதித்தன.

பாடல்களைக் குழுவினருக்குப் போட்டுக் காட்டவே முதலில் பதிவுசெய்தார். கிதார்களைப் பராமரித்த மைக் பேட்லன், சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் டாஸ்காம் கருவி ஒன்றை வாங்கிவந்து படுக்கையறையில் அமைத்தார். குரலுக்கும் கிதாருக்கும் இரண்டு தடங்கள் போயின. எஞ்சிய இரண்டில் இன்னொரு குரல், மவுத் ஆர்கன் போன்றவை சேர்ந்தன. பிறகு எதிரொலிக் கருவி வழியாக, பழைய பானசோனிக் டேப் ரெக்கார்டரில் எல்லாம் ஒரே கேசட்டாக ஒன்றாக்கப்பட்டன. அந்த ரெக்கார்டர் முன்பே தண்ணீரில் நனைந்து பழுதானது என்பர். அந்தக் கேசட்டை ஸ்பிரிங்ஸ்டீன் உறைகூட இல்லாமல் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ போட்டுக்கொண்டு திரிந்தார். பெரும்பாலான பாடல்கள் 1982 ஜனவரி 3 அன்று ஒரே நாளில் பதிவானதாகக் கூறுவோர் உண்டு. சில வாரங்கள் பிடித்ததாகவும் குறிப்புகள் உள்ளன.

1982 வசந்த காலத்தில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் அரங்கில் குழு இதே பாடல்களை வாசித்துப் பார்த்தது. கேசட்டின் உயிர் அதில் வரவில்லை. அதனால், கேசட்டின் மெல்லிய ஒலியை இசைத்தட்டில் பொறிக்கப் பெரும்பாடு பட்டபின், கேசட் பதிவே வெளியானது.

வரவேற்பு: அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் கிடைத்தது. இதற்கென இசைப்பயணம் எதுவும் நடக்கவில்லை.

பின்வரலாறு: பவர் ஸ்டேஷனில் குழு வாசித்த பதிவுகள் உண்மையில் உள்ளனவா என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. அவற்றில் சில 2025இல் வெளிவந்தன. அதே ஆண்டு இத்தொகுப்பு உருவான கதை திரைப்படமானது.

மதிப்பீடு: வீட்டு ஒலிப்பதிவைப் பெருநிறுவனத் தொகுப்பாக ஏற்கவைத்த முன்னோடி முயற்சிகளுள் இது முக்கியமானது. 1984இல் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலின் தொடக்க வடிவமும் அதே படுக்கையறைப் பதிவுகளில் ஒன்றே.