சிறு துவாரத்தின் சரித்திரம்

புகைப்படத்தில் முன்னே கிடக்கும் கல்லும் பின்னே நிற்கும் மலையும் ஒருங்கே துலங்கவேண்டுமா, அன்றி ஒரு முகம் மட்டும் துலங்கி மற்றவையெல்லாம் மங்கவேண்டுமா என்பது, ஒரு காலத்தில் கலைஞர்களை எதிரெதிர்க் கட்சிகளாகவே பிரித்துவைத்த விவகாரம்.

இங்கிலாந்தில் 1863-ஆம் வருஷ இறுதியில், தமது 48-ஆவது வயதில், மகள் அளித்த காமிராவைக் கையில் எடுத்த ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார், பெரிய தகட்டுக்கேற்ற நீண்ட குவியதூர லென்ஸை முகத்துக்கு மிக அருகே நிறுத்திப் படமெடுத்தார். குவியதூரம் நீள நீள, பொருள் நெருங்க நெருங்க, தெளிவின் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாய் விழும் தூரம், குறுகிப்போகும். அந்நாளைய ஈரக் கொலோடியன் தகடோ ஒளியை மெதுவாகவே ஏற்பது. ஆகையால் ஒளி நுழையும் லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்துவைக்கவும் நேர்ந்தது. மங்கல் கண்டு புகைப்படச் சங்கங்கள் கண்டித்தன, அம்மையார் இசையவில்லை. அவர் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே தமிழ் மக்களையும் படமெடுத்து, 1879-இல் அம்மண்ணிலேயே காலமானார்.

எதிர்க்கட்சி கலிபோர்னியாவில் தோன்றியது. ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் 'எஃப் 64' என்று தம் குழுவுக்குப் பெயரிட்டு, 1932 நவம்பர் 15-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவின் டி யங் காட்சிசாலையில் தம் படங்களை வைத்தார்கள். குவியதூரத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கே விட்டமுடைய துவாரத்தைக் குறிப்பது அவ்வெண். 12 அங்குல லென்ஸில் அது ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்குதான். அகன்ற துவாரத்தின் வழியே வரும் ஒளிக்கூம்பு, குறித்த தூரத்துக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள புள்ளிகளைத் தகட்டில் வட்டங்களாகப் படரவிடும். துவாரம் ஒடுங்கினால் வட்டங்களும் ஒடுங்கி, கண்ணுக்குப் புள்ளிகளாகவே தோன்றும்.

இதற்குக் கொடுத்த விலை காலம். எஃப் 8-இல் ஒரு விநாடியில் முடிவது எஃப் 64-இல் 64 விநாடிகள் கேட்கும். அதற்குள் காற்று இலையை அசைத்துவிட்டால் அத்தனை பாடும் வீண். 1930-இல் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தை நான் பெருவியப்போடு பார்ப்பதற்கும் இதுவே காரணம். அவ்வளவு அண்மையில் தெளிவின் ஆழம் மிகமிகச் சிறிது. அதை நீட்ட நீண்ட பொறுமை வேண்டும். மேலும், உருப்பெருக்கினால் சிறு மங்கலும் வெளிப்பட்டுவிடும் என்பதால் போலும், அவர் 8 அங்குலத்துக்கு 10 அங்குலமான நெகட்டிவ்வைக் காகிதத்தோடு ஒட்டவைத்தே அச்செடுத்தார்.

குழு சில வருஷங்களில் கலைந்தது. வெஸ்டனோ, 1937-இல், புகைப்படக்காரருள் முதல்வராகக் குகன்ஹைம் நிதியுதவி பெற்று, அதே அளவு நெகட்டிவ் தரும் பெரிய காமிராவுடன் கலிபோர்னியாவின் பாலைகளை நோக்கிப் புறப்பட்டார்.