தேயிலை ஆலையும் கணினி விசிறியும்



கணினி என்றால் பட்டணத்துப் பொருள், தேயிலை ஆலை என்றால் பழைய காலத்துச் சமாசாரம் என்று நம் பிள்ளைகளில் சிலர் நினைக்கிறார்கள். அது சரிதானா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலைத் தோட்டங்களில் கன்று நட்டுக் கொழுந்து பறித்ததில் நம் பாட்டன் பாட்டிமாரின் வியர்வை கலந்திருக்கிறது. பறித்த பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அதை வாட்டிய பிறகே உருட்ட முடியும். முற்காலத்தில் ஆலையின் மேல்மாடியில் தட்டுகளில் பரப்பிக் காற்றாட விட்டார்கள். பின்னாளில் விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தன.

ஆலைக்குள் காற்றை வேலை வாங்கியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்தில் 1846-இல் பிறந்தவர். 1864-இல் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்நாளில் கரி நெருப்பின் மேல்தான் தேயிலையைக் காய வைப்பார்கள். புகையும் கருகலும் சொல்லி மாளாது! சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். 1881-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் 'சிரோக்கோ' தொழிற்சாலையை நிறுவினார். சிரோக்கோ என்பது சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர்.

1898-இல் அவர் ஒரு புதுவகை விசிறியைக் கண்டார். உருளை போன்ற சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிலும் வளைந்த சிறு தகடுகள். நடுவிலே காற்றை இழுத்து ஓரத்தாலே தள்ளும். அது கப்பலுக்கும் சுரங்கத்துக்கும் போயிற்று. இன்று மடிக்கணினிக்குள் சுழலும் சின்னஞ்சிறு ஊதுவிசிறியும் அதே குலந்தான்!

கணினிக்கு விசிறி எதற்கு என்கிறீர்களா? மின்சாரம் ஓடினால் சில்லுகள் சூடேறும். 1980-இல் ஆப்பிள் நிறுவனம் விசிறியே இல்லாமல் 'ஆப்பிள் 3' கணினியை விற்றது. சூட்டைப் பற்றிப் புகார்கள் கிளம்பின. பழுதுகளால் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியிலோ மின்பெட்டிக்குள் விசிறி இருந்தது.

இப்போது வீட்டிலேயே பாகங்களை வாங்கிக் கணினி பூட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வாட்டுத் தொட்டியைக் கவனித்தால் போதும். கொழுந்தை ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லிதாகவும் பரப்பினால் என்ன ஆகும்? காற்று மெல்லிய பக்கமே ஓடிவிடும். கனத்த பக்கம் வாடாது. கணினிப் பெட்டியிலும் அதே கதைதான். கம்பிகள் வழி மறித்தால் காற்று வேறு பக்கம் நழுவிவிடும்.

ஆகவே முன்பக்க விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கட்டும். பின்பக்க விசிறியும் மேல்பக்க விசிறியும் சூட்டை வெளியே தள்ளட்டும். சூடான காற்று மேலே எழும்பும் அல்லவா? விசிறியின் நடுப்பகுதியைத் தாங்கும் குறுக்குக் கைகள் எந்தப் பக்கம் உள்ளனவோ, பொதுவாக அந்தப் பக்கமே காற்று வெளிப்படும். வடிகட்டி பொருத்திய வாயில் வழியாக வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாகக் காற்று உள்ளே வந்தால் தூசி குறையும். எல்லா விசிறிகளும் உள்ளேயே ஊதினால் வெளியேற வழி குறையும், சூடு தங்கிவிடும்.

மாணவமணிகளே! இந்த நுணுக்கம் ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் இல்லை. ஆலையில் வேலை செய்த உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஈர நாளில் கொழுந்தை எப்படிப் பரப்பினார்கள், காற்றை எப்போது கூட்டினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கைக்குத் தெரிந்ததைத்தான் கணினிக்காரர்கள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே! 'எங்களுக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி அந்நியம் அல்ல. அதற்குள் வீசும் காற்று நம் ஆலைக்குள்ளும் வீசிய காற்றுதான்.