பாட்டும் பந்தியும்: தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயத்திலிருந்து மதுரை வரை

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சிவகங்கைப் பூங்காவுக்கும் ஒரு நடை போவதுண்டு. குழந்தைகள் கூட இருந்தால் தப்பவே முடியாது. அங்கேயே சின்னக் கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. சமயநல்லூரிலிருந்து திண்டுக்கல், திருச்சி என்று ரயில் மாறி மாறி நான் போனது அதற்காகத்தான்.

ஆலயம் சின்னது. உள்ளே போனதும் கண் போவது வெள்ளைச் சலவைக்கல் சிற்பத்தின் மேல்தான். லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கி, கப்பலில் வந்து சேர்ந்தது. சாகக் கிடக்கிறார் மிஷனரி சுவார்ட்ஸ். சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலைமாட்டில் சக மிஷனரி கெரிக்கே, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். கீழே உள்ள ஆங்கிலப் பாட்டைச் சரபோஜியே எழுதினார் என்பார்கள். சிற்பத்தைச் செய்யச் சொன்னவரும் அவர்தான். சுவார்ட்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒரு நினைவுச் சிற்பம் வைத்தது. அது சென்னைக் கோட்டையில் புனித மேரி ஆலயத்தில் இருக்கிறது, இளைய ஜான் பேக்கன் செய்தது. எனக்குத் தஞ்சாவூர்க் கல்தான் பிடித்தது. அந்தக் கைப்பிடியில் ஒரு நிஜம் இருக்கிறது.

சுற்றுலாக் குறிப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "டென்மார்க் மிஷனரி சுவார்ட்ஸ் மீது கொண்ட அன்பால் மன்னர் சரபோஜி 1779-ல் கட்டியது." சரபோஜி பிறந்ததே 1777-ல்! ரெண்டு வயசுப் பிள்ளை எங்கே கோயில் கட்டுவது? அப்போது ஆண்டவர் துளஜா. சுவார்ட்ஸும் டென்மார்க்காரர் இல்லை, பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். 1750-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியதால் வந்த குழப்பம் இது. 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார். அவரைப் புதைத்தது இங்கே இல்லை, கோட்டைக்கு வெளியே உள்ள மிஷன் ஆலயத்தில். சரபோஜி அரியணை ஏறியது அதே வருஷம் ஜூனில். மறு வருஷமே நாட்டைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோட்டையோடு நின்றுபோனார்.

இந்தக் கல்லில் இல்லாத ஒருத்தர் இருக்கிறார். எனக்கு முக்கியம் அவர்தான். வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தவரைச் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தார். சரபோஜிக்கும் அவருக்கும் ஒரே குரு. பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். குறத்தி குறி சொல்லும் அந்த நாடகத்துக்குள் பூகோளமும் வருகிறது, சூரியனைச் சுற்றும் கிரகங்களும் வருகின்றன. மிஷன் பள்ளியில் படித்ததையெல்லாம் ராகத்தில் கொட்டியிருக்கிறார்.

புராட்டஸ்டண்ட் சபைகளில் ஞானப்பாட்டு, பாமாலை, கீர்த்தனை என்று மூன்று வகைப் பாட்டு உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கில மெட்டில் வந்தவை. மூன்றாவது நம் ராக தாளத்தில் அமைந்தது. அதற்கு ஆராதனையில் ஓர் இடம் வாங்கித் தந்ததில் சாஸ்திரியாரின் பங்கு பெரியது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. சபைகளில் மேடையேறுவதும் இவ்வளவுதான்.

சொல்லாத பாதி 1820-களில் நடக்கிறது. சுவார்ட்ஸ் காலம் போய்ப் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள் செய்தவற்றை "நான்கு கொடுமைகள்" என்று சாஸ்திரியார் எழுதி வைத்தார். ஒன்று, பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார்கள். இரண்டு, பண்டிகை நாளில் பூ அலங்காரம் கூடாது என்றார்கள். மூன்று, தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்கினார்கள். நான்கு? சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தவர்களைக் கலந்து உட்காரச் சொன்னார்கள்.

(வரிசை நான் வைத்தது. நாலாவதைக் கடைசியில் வைத்தால்தான் இடிக்கும்.)

முதல் மூன்றையும் படிக்கும்போது நான் சாஸ்திரியார் பக்கம். பூவும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்றால் அப்புறம் என்னங்க திருவிழா? ஆனால் மூன்றுக்குத் தலையாட்டிவிட்டு நாலாவதை மட்டும் தள்ளிவைத்துவிட முடியாது. அவருக்கு அவை நாலும் ஒன்று. பாட்டு எப்படித் தமிழ் வழக்கமோ, வெள்ளாளர் ஒரு பக்கமும் தலித்துகள் ஒரு பக்கமும் உட்காருவதும் அப்படியே. சாதியைத் திருத்த வருவது பைத்தியக்காரத்தனம் என்று தனி நூலே எழுதினார். மிஷனரிகளும் அதே கோட்டைத்தான் எதிர்ப்பக்கம் நின்று போட்டார்கள். சாதியும் புறச்சமயம், ராகமும் புறச்சமயம், ரெண்டும் வெளியே. சாஸ்திரியாருக்கு மிஷன் வேலை போனது, சரபோஜி ஆதரித்தார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவே போட்டார். தஞ்சையில் வெள்ளாளர் பலர் சபையை விட்டே போனார்கள்.

பாட்டும் சாதியும் பிரிக்க முடியாதவை என்று இரண்டு தரப்பும் நம்பியபோது, பிரித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அது எங்கள் பக்கம்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தது. 1847-ல் அது ஒரு கறாரான முடிவெடுத்தது: சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை. வாயால் சொன்னால் போதாது, மற்ற சாதியாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்து வெளியேறினார்கள். அதே மிஷனின் எட்வர்ட் வெப், ஆறே வருஷத்தில், 1853-ல், ஆராதனையில் பாட ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாட்டுகள் நிறைய. மதுரைச் சீமையின் கிராமச் சபைகளுக்குக் கீர்த்தனை பரவ அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

இதை நான் முதலில் வாசித்தபோது எழுந்து நடந்தேன். பந்தியில் உட்கார மாட்டேன் என்றவரின் பாட்டு, பந்தியில் உட்கார்ந்தால்தான் உள்ளே வரலாம் என்ற சபையின் பாட்டாகிவிட்டது. அப்போது சாஸ்திரியார் உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 1864-ல்.

கணக்கு இங்கே முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குள் வந்தால் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), "பரட்டை அண்ணன்" என்றால்தான் பலருக்குத் தெரியும். அவர் வைத்த கேள்வி இது: பந்தியைச் சரி செய்தீர்கள், பாட்டை? கர்நாடக ராகமும் செந்தமிழும் யாருடையவை? வயலிலிருந்து வருகிற தலித் பெண் தன் குரலில், தன் பேச்சில் சாமியைக் கூப்பிட ஒரு பாட்டு இருக்கிறதா? இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை மனுஷன். முழு ஆராதனை முறையையே கிராமிய மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் அவருடைய இறையியலின் நடுப்புள்ளி. 1847-ன் பந்தி வேறு வழியாகத் திரும்பி வருகிறது, பாருங்கள்.

அவரிடம் பாட்டு கற்ற அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014-ல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

நான் கீர்த்தனையை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சாஸ்திரியாரின் சில பாட்டுகள் கேட்டால் இப்போதும் தொண்டை அடைக்கும். பரட்டை அண்ணன் சொன்னதற்கு என்னிடம் பதிலும் இல்லை. கீர்த்தனையில் ராகம் பிசகினால் திருத்த ஒருத்தர் வேண்டும். நாட்டுப்புறப் பாட்டில் அப்படி யாரும் தேவையில்லை, பாடுகிறவர் தன் ஊருக்கும் தன் கஷ்டத்துக்கும் ஏற்பச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே அந்த வடிவத்தைத் தேர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தன் பாட்டையும் ஜனங்கள் அப்படி மாற்றிப் பாட வேண்டும் என்றுதான் விரும்பினார்.