அத்தோ: பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த நூடுல்ஸ்

சென்னை பாரிமுனையில் பொழுது சாய்ந்ததும் அத்தோ கடைகளில் கூட்டம் கூடும். இந்த நூடுல்ஸ் சென்னைக்கு எப்படி வந்தது தெரியுமா?

பர்மாவில் 1962-ல் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், சேர்த்த சொத்தை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மிச்சமிருந்தது கைப்பக்குவம்தான். 1969-ல் பர்மா பஜார் உருவானது; அந்த வட்டாரத்திலேயே அத்தோ கடைகளும் முளைத்தன.

நூடுல்சோடு முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1945-க்குப் பின் மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சீனக் கொழுக்கட்டையான கியோசா, இன்று உட்சுனோமியா நகரின் அடையாளம்.

அத்தோ வெறும் நொறுக்குத்தீனி அல்ல; வீடிழந்த குடும்பங்களுக்கு மறுபடி அடுப்பெரிய வைத்த பிழைப்பு.